ஏற்காட்டுத் துரைமார் கல்லறைகளும் ஃபிபிஸ் தளமும்: ஒரு மதிப்புரை

ஏற்காட்டில் ஏதாவது ஒரு பழைய கல்லறையைப் பார்த்துவிட்டு, இவர் யார், இவர் குடும்பம் என்ன ஆனது என்று தேடக் கிளம்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஃபிபிஸ் தளத்தைத்தான். ஃபேமிலீஸ் இன் பிரிட்டிஷ் இந்தியா சொசைட்டி என்பதன் சுருக்கம் அது. 1998இல் இங்கிலாந்தில் ஆரம்பித்த சங்கம், தன்னார்வலர்கள் உட்கார்ந்து பழைய பதிவேடுகளைப் படித்துப் படித்துத் தட்டச்சு செய்து போட்டிருக்கிறார்கள். தேடுவதற்குக் காசு கிடையாது. நான் ரொம்ப நாளாகப் பயன்படுத்துகிறேன், சேலம் மாவட்டத்துக் கல்லறைகளுக்கு இது எவ்வளவு உதவும், எங்கே கைவிரிக்கும் என்பதை நம்ம ஊர் ஆட்களுக்காகத் தமிழில் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வரக் காரணம் என் தாத்தா. நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். செக்ரோல் என்கிற ஆள் வருகைப் பதிவு நோட்டு எழுதுவது, சம்பளப் பட்டுவாடா, எல்லாம் அவர் கையில். அந்த எஸ்டேட்டுக்குள் சில்வர் ஓக் மரத்தடியில் இரண்டு கல்லறைகள் இருக்கின்றன, ஒன்று பெரியது, பக்கத்திலேயே குழந்தைக்கு உள்ள அளவில் ஒன்று. எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டு ஜனங்கள் ஆயுத பூஜை அன்றைக்கு அந்த இரண்டையும் கழுவி, குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போடுவார்கள். துரை யார், எந்த ஊர், எப்போது வந்தார், எதுவும் யாருக்கும் தெரியாது. ஆனாலும் விட்டதில்லை. தாத்தா மட்டும் "அந்தச் சின்னக் குழந்தைக்கு அம்மான்னு ஒருத்தி இருந்திருப்பா இல்ல, அவ எங்க போனா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அந்தக் கேள்விக்குத்தான் நான் பதில் தேடினேன். அந்தக் குடும்பத்தின் வாரிசுகள் இப்போதும் இருக்கிறார்கள் என்பதால் பெயரை இங்கே போடவில்லை.

சேர்வராயன் மலைக்குத் துரைமார் வந்த கதை பலருக்கும் தெரியும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் காபியையும் பேரிக்காய் மாதிரியான பழ மரங்களையும் இங்கே கொண்டுவந்து நட்டவர். அவருக்குப் பின்னால் காபித் தோட்டம் போட வந்தவர்கள், ஓய்வு பெற்று வந்தவர்கள், பாதிரியார்கள், அவர்களுடைய குடும்பங்கள் என்று மலையில் ஒரு சின்னக் குடியிருப்பே உண்டானது. ஹோலி டிரினிட்டி தேவாலயம் 1853இல் கட்டியது. கலெக்டரைப் பற்றி எழுத கெஜட்டியர் இருக்கிறது. எஸ்டேட் ஓரத்தில் கிடக்கும் சாதாரண பிளாண்டருக்கும், அதாவது தோட்டக்காரத் துரைக்கும், அவர் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் இருப்பது கல்லில் நாலு வரி, அவ்வளவுதான். ஃபிபிஸ் உதவுவது அந்த நாலு வரிக்காரர்களுக்கு.

தேடுவதற்கு முன்னால் கல்லைச் சரியாகப் படிக்க வேண்டும், இதில் அவசரப்படாதீர்கள். அந்தக் காலத்தில் சலவைக்கல்லில் எழுத்தைக் குடைந்து அதற்குள் ஈயத்தை அடித்து நிரப்புவார்கள். அந்த ஈயத்தைக் காலப்போக்கில் யாராவது நோண்டி எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். எங்கள் எஸ்டேட் கல்லிலும் அப்படித்தான், பாதி எழுத்து இல்லை. ஆனால் குனிந்து கிட்டத்தில் பார்த்தால், ஒவ்வொரு எழுத்தும் இருந்த இடத்தில் ஈயம் பிடித்து நிற்பதற்காகத் துளைத்த பொடிப்பொடி ஓட்டைகள் இருக்கும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் வெயில் சாய்ந்து கல் மேல் படும்போது அந்த ஓட்டைகளை வரிசையாகச் சேர்த்துப் பார்த்தால் எழுத்து தானாகத் தெரியும். மேகமூட்டமாக இருந்தால் ஒரு கண்ணாடியை வைத்து வெளிச்சத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடலாம், செல்போன் டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்தாலும் போதும். பாசியை எடுக்கக் கம்பி பிரஷ், ஆசிட், பிளீச்சிங் பவுடர் எதையும் கொண்டுபோகாதீர்கள், தயவுசெய்து. தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். சாக்பீஸ் தேய்த்துப் படம் எடுப்பதும் வேண்டாம், கல்லின் மேல்தோல் தேய்ந்துபோகும்.

கல் என்றதும் இன்னொன்று. சேர்வராயன் மலையே சார்னோகைட் என்கிற பாறைதான். அந்தப் பாறைக்கு அந்தப் பெயர் வந்ததே ஒரு கல்லறையால்தான், கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்துவிட்டு ஹாலண்ட் என்ற புவியியலாளர் வைத்த பெயர் அது. கல்லறை தேடி மலை ஏறுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்று எனக்குப் படுகிறது.

சரி, தளத்துக்கு வருவோம். பெயரும் வருஷமும் கையில் இருந்தால் ஃபிபிஸ் தேடல் பக்கத்தில் குடும்பப் பெயரை மட்டும் போடுங்கள், முதல் பெயரைப் போடாதீர்கள். வருஷத்தை முன்னும் பின்னும் தாராளமாக விடுங்கள். இடத்தில் ஏற்காடு என்று மட்டும் தேடிவிட்டு நிறுத்தாதீர்கள், சேலம் என்றும் சேர்வராய் என்றும் தேடுங்கள், ஆங்கில எழுத்துக்கூட்டலை எழுதியவர் மனசுக்கு வந்தபடி எழுதியிருப்பார். முடிவில் வருவது பெரும்பாலும் ஒற்றை வரி: பெயர், தேதி, என்ன நிகழ்வு, எந்தப் பதிவேடு. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் கடைசியில் இருக்கும் அந்தப் பதிவேட்டு எண்தான் சாவி. சென்னை மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்றால் எண் ஆங்கிலத்தில் N/2 என்று ஆரம்பிக்கும். வங்காளத்துக்கு N/1, பம்பாய்க்கு N/3. ஒவ்வொரு ஊர்ப் பாதிரியாரும் தன் பதிவேட்டை நகல் எடுத்து மேலிடத்துக்கு அனுப்ப, அது லண்டனுக்குப் போய், இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கிறது. நகலின் நகல் என்பதால் பெயர் எழுத்தில் தவறு இருக்கும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் சொல்லப்போவது ஒன்றுதான் இந்த மதிப்புரையிலேயே முக்கியம் என்று நினைக்கிறேன். எல்லோரும் கல்லறையில் இருக்கிறவரின் அடக்கப் பதிவைத் தேடுகிறார்கள். அது கிடைத்ததும் வயது, தொழில், இறந்த காரணம் என்று சில தகவல்கள் வரும், அதோடு சந்தோஷப்பட்டு நிறுத்திவிடுகிறார்கள். அவருடைய பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவுகளைத் தேடுங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வரி இருக்கும், அந்த வரியில் குழந்தை பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர், குடியிருக்கும் இடம், அப்பாவின் தொழில் என்று கட்டம் கட்டமாக எழுதியிருப்பார்கள். அந்த மனிதரின் வாழ்க்கை முழுக்க அந்தத் தொழில் கட்டத்தில்தான் இருக்கிறது.

எங்கள் எஸ்டேட் கல்லறைக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். மூத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் சேலத்தில், அப்பா பொதுப்பணித் துறையில் ஓவர்சியர். இரண்டாவது பிள்ளைக்கு இடம் சேர்வராய் மலை, தொழில் காபி பிளாண்டர். ரோடு போட வந்த மனிதர் மலையைப் பார்த்துவிட்டு, சேர்த்த காசைப் போட்டு நிலம் வாங்கி ஏறிவிட்டார் போலிருக்கிறது. மூன்றாவதுதான் அந்தச் சின்னக் கல்லறைக் குழந்தை, ஞானஸ்நானமும் அடக்கமும் ஒரே வருஷத்தில். நாலாவது குழந்தைக்கு வரும்போது அப்பா பிளாண்டர் இல்லை, இன்னொருவர் எஸ்டேட்டில் உதவியாள். இது 1870களின் கடைசி. இலங்கையில் 1869இல் தலைகாட்டிய காபி இலைத்துரு நோய் தென்னிந்தியத் தோட்டங்களில் பரவிவிட்ட காலம், கீழே சேலம் ஜில்லாவில் தாது வருஷப் பஞ்சம். அவர் கையை விட்டு நிலம் போனது எதனால் என்று எந்தப் பதிவேடும் எழுதவில்லை, ஆனால் இந்த நாலு வரியையும் தேதி வரிசையில் அடுக்கினால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று புரிகிறது. அவருடைய அடக்கப் பதிவில் வெறும் பிளாண்டர் என்றுதான் இருக்கிறது. அதை மட்டும் பார்த்திருந்தால் செல்வாக்கான துரை ஒருவர் மலையில் வாழ்ந்து மறைந்தார் என்றுதான் நினைத்திருப்போம்.

தாத்தா கேட்ட கேள்விக்கும் பதில் அங்கேதான் இருந்தது. அந்த அம்மாள் விதவை என்ற குறிப்போடு சேலத்தில் மறுமணம் செய்திருக்கிறார், மாப்பிள்ளை ரயில்வேக்காரர். திருமணப் பதிவில் இரண்டு பேரின் தகப்பனார் பெயரும் இருக்கும், அதனால் அந்த அம்மாளின் பிறந்த வீடும் தெரிந்தது. கல்லில் அவர் பெயர் "மனைவி" என்றுகூட இல்லை. இப்படிப்பட்ட பெண்களைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் திருமணப் பதிவுகளை விட்டுவிடாதீர்கள், அங்கே தேடும்போது இறந்துபோன புருஷன் குடும்பப் பெயரைப் போட்டு மணமகள் பக்கம் தேடுங்கள்.

இங்கே ஒரு நடைமுறை விஷயம். இவ்வளவும் ஃபிபிஸ் ஒன்றிலேயே கிடைக்காது. அது வழிகாட்டிப் பலகை. அங்கிருந்து ஃபேமிலிசர்ச் தளத்துக்குப் போங்கள், அதுவும் இலவசம், ஒரு கணக்குத் தொடங்கினால் போதும். அங்கே குழந்தையின் பெயரைக் காலியாக விட்டுவிட்டு அப்பா அம்மா பெயரை மட்டும் போட்டுத் தேடலாம், ஒரே தம்பதிக்குப் பிறந்த பிள்ளைகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்பார்கள். இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனால் அங்கே தொழில் கட்டம் இருக்காது. அதற்குப் பதிவேட்டுப் பக்கத்தின் படத்தையே பார்க்க வேண்டும், அந்தப் படங்கள் 2014 முதல் ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற கட்டணத் தளத்தில் இருக்கின்றன. கட்டணம் நம்ம ரூபாய்க்குக் கொஞ்சம் அதிகம்தான். அதனால் இலவசத் தளங்களில் எல்லாத் தேதிகளையும் பெயர்களையும் முதலில் பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு, ஒரு மாதத்துக்கு மட்டும் காசு கட்டி, படங்களை எல்லாம் இறக்கிக்கொண்டு, மறக்காமல் தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள்.

சும்மா பழகிப் பார்க்க ஒரு பெயர் வேண்டுமென்றால் ராபர்ட் புரூஸ் ஃபூட் பெயரைப் போட்டுப் பாருங்கள். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர், இந்தியத் தொல்பழங்கால ஆராய்ச்சியே அங்கிருந்துதான் தொடங்குகிறது. கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார், 1912இல் கல்கத்தாவில் இறந்தார், நினைவுக் கல் நம்ம ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரோடு சேர்ந்து பைபிளைத் தமிழில் பெயர்த்தவர், தமிழ்ப் பழமொழிகளைத் தேடித் தேடித் தொகுத்தவர், அவரும் 1882இல் ஏற்காட்டில்தான் இறந்தார். மாமனார் மருமகன் என்கிற இந்த உறவு தெரிந்துவிட்டால் அந்தத் தேவாலய வளாகத்தில் நிற்கும்போது வேறு மாதிரி இருக்கும். கல்லை மட்டும் பார்த்தால் இரண்டும் இரண்டு பெயர்கள், திருமணப் பதிவுதான் முடிச்சுப் போடுகிறது.

ஃபிபிஸ் தளத்தில் இன்னும் சில பொக்கிஷங்கள் உண்டு. பழைய சென்னைப் பத்திரிகைகளில் வந்த பிறப்பு, திருமணம், இறப்பு அறிவிப்புகளையும் சேர்த்திருக்கிறார்கள், சில சமயம் இறந்தவரின் சொந்த ஊர் அங்கேதான் கிடைக்கும். ஃபிபிவிக்கி என்று தனியாக ஒரு தகவல் களஞ்சியம், அதில் எந்த ஆவணம் எங்கே இருக்கிறது என்று பொறுமையாக விளக்கியிருக்கிறார்கள், முதலில் அதை ஒரு தடவை படித்துவிட்டுத் தேட உட்காருங்கள். உயில்களும் சொத்துப் பட்டியல்களும் எந்த வரிசை எண்ணில் இருக்கின்றன என்பதையும் அங்கே தெரிந்துகொள்ளலாம். செத்தவர் வீட்டில் இருந்த நாற்காலி, குதிரைச் சேணம், பீங்கான் தட்டு வரைக்கும் எழுதி வைத்த பட்டியல்கள் அவை. கல் முழுக்கச் சிதைந்துபோயிருந்தால் ஜே. ஜே. காட்டன் 1905இல் வெளியிட்ட சென்னை மாகாணக் கல்லறை வாசகத் தொகுப்பைப் பாருங்கள், மாவட்டவாரியாக இருக்கிறது, ஸ்கேன் இணையத்தில் இலவசம். நூறு வருஷத்துக்கு முன்னால் எழுத்து தெளிவாக இருந்தபோது எடுத்த வாசகம் என்பதால் இன்றைக்கு நாம் படிப்பதைவிட நம்பலாம். ஆனால் முக்கியமானவர் என்று அவர் கருதிய கல்லறைகள்தான் அதில் வரும், எஸ்டேட்டுக்குள் இருப்பவை வர வாய்ப்புக் குறைவு.

பணம் வாங்கிக்கொண்டு வம்சாவளி தயாரித்துத் தருகிறோம் என்று சொல்லும் இடங்களைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். ஆஸ்திரேலியாவிலிருந்து தன் கொள்ளுத் தாத்தா கல்லறையைத் தேடி வந்த ஒரு ஆங்கிலோ–இந்திய அம்மாவை ஏற்காட்டில் பார்த்தேன். அப்படி ஒரு இடத்தில் பெரிய தொகை கட்டி வாங்கிய வம்சாவளியை அச்சடித்துக் கையில் வைத்திருந்தார். ஒரே பெயரில் இருந்த இரண்டு பேரை ஒருவராக்கிவிட்டிருந்தார்கள், ஒருவர் பெல்லாரியில் பட்டாளத்துக்காரர், இன்னொருவர் இங்கே பிளாண்டர். பட்டாளத்துக்காரர் பெல்லாரியில் அடக்கமான பிறகும் ஏற்காட்டில் பிள்ளை பிறந்ததாகக் காகிதத்தில் இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. அந்த அம்மா என்னோடு தேவாலயத் திண்ணையில் உட்கார்ந்து செல்போனிலேயே ஃபிபிஸ் தேடி, பதிவேட்டு எண்களை ஒப்பிட்டுப் பார்த்து, எது தன் குடும்பம் என்று பிரித்தெடுத்துக்கொண்டார். மற்றவர்கள் போட்ட வம்சாவளியில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பதிவேட்டு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாத பெயரை நம்பாதீர்கள்.

இப்போது குறை. இந்தத் தளத்தில் இருப்பது ஐரோப்பியரும் ஆங்கிலோ–இந்தியரும்தான். அந்த எஸ்டேட்டுக்குக் காடு வெட்டிக் கொடுத்தவர்கள், காபிக் கன்று நட்டவர்கள், கீழேயிருந்து மூட்டை சுமந்து மலை ஏறியவர்கள், இந்த மலையிலேயே காலங்காலமாக வாழும் மலையாளி பழங்குடி மக்கள், ஒருவர் பெயரும் வராது. சங்கத்தின் வேலையே அது இல்லை என்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஆனால் தேடப்போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். துரையின் கல்லறைக்கு நாலு தளம் இருக்கிறது, அதைக் கழுவி மாலை போட்ட குடும்பத்துக்கு ஒன்றுமில்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. நம்ம பக்கத்துக் குடும்பங்களுக்கு எஸ்டேட் செக்ரோல் நோட்டு, பள்ளிக்கூட அட்மிஷன் ரிஜிஸ்தர், தேவாலயத் தமிழ்ப் பதிவேடு, பட்டா, வயசானவர்கள் வாய்ச்சொல், இதெல்லாம்தான் வழி. பழைய செக்ரோல் நோட்டு உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

சில ஞானஸ்நானப் பதிவுகளில் அம்மா பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருக்கும், அல்லது இந்த ஊர்ப் பெண் என்று மட்டும் எழுதியிருப்பார்கள், பெயர் இருக்காது. பழைய பதிவுகளில் இது நிறையவே உண்டு. அப்படி ஒரு வரி உங்கள் தேடலில் வந்தால் கடந்து போகாதீர்கள். அந்தப் பெண்ணுக்கு அண்ணன் தம்பி இங்கேயேதான் இருந்திருப்பார்கள், அவர்கள் வம்சம் இன்றைக்கும் சேலத்திலோ மலையிலோ இருக்கும். கல்லறையில் இருப்பவர் நமக்கு அந்நியர் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

வேறு சில்லறைக் குறைகள்: தளத்தின் தோற்றம் பழையது, செல்போனில் பார்க்கச் சிரமம், கணினியில் பாருங்கள். கத்தோலிக்கர் பதிவுகள் குறைவு, அதற்கு இங்குள்ள கத்தோலிக்கப் பங்குக் கோயில்களில்தான் கேட்க வேண்டும், பழைய பதிவேடு லத்தீனில் இருந்தால் பயப்படாதீர்கள், திரும்பத் திரும்ப அதே பத்துப் பதினைந்து சொற்கள்தான். பிரிட்டிஷ் நூலகத்தின் மேல் 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் அவர்களுடைய சேவைகள் பல நின்றுபோயின, அதனால் பழைய இணைப்புகள் சில எங்கேயும் போய்ச் சேராது.

மதிப்பெண் என்றால் இலவசத் தேடலுக்கு ஐந்துக்கு நாலரை தாராளமாகக் கொடுப்பேன். உறுப்பினர் ஆக வேண்டுமா என்று கேட்டால், ஒரே ஒரு குடும்பத்தைத் தேடுபவர்களுக்குத் தேவையில்லை. தொடர்ந்து தேடுகிறவர்கள் சேரலாம், அவர்கள் பத்திரிகையும் ஆலோசனையும் உபயோகமானவை. நீங்கள் எடுக்கும் கல்லறைப் படத்தை அவர்களுக்கு அனுப்பினால் வாங்கிக்கொள்வார்கள். தெற்காசியக் கல்லறைகளுக்கென்றே 1976 முதல் இருக்கும் பாக்ஸா சங்கத்துக்கும் அனுப்பலாம். படத்தோடு எந்த எஸ்டேட், எந்த ஊர்ப் பாதை, பக்கத்தில் என்ன மரம் என்று எழுதி அனுப்புங்கள், தோட்டம் கைமாறும்போது முதலில் காணாமல் போவது இந்தக் கற்கள்தான்.

எஸ்டேட்டுக்குள் போவதென்றால் மேனேஜரிடமோ மேஸ்திரியிடமோ கேட்டுவிட்டுப் போங்கள். காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் வேண்டாம், அவர்களுக்கு வேலை நெருக்கடி. மழை விட்ட கையோடும் போகாதீர்கள், அட்டை ஒரு பக்கம், கல் ஈரமாக இருந்தால் எழுத்து தெரியாது என்பது இன்னொரு பக்கம். தேவாலயத்துக் கல்லறைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போனால் சபையில் மூத்தவர்கள் இருப்பார்கள், அவர்களிடம் பேச்சுக் கொடுத்தாலே பாதி விஷயம் வந்துவிடும்.